ஜீப்புக்கு அடியில்

11.9.1997

மகன் சென்றாயன் இன்றைக்கு மலைக்குக் கீழேயிருந்து ஆறு மூட்டை உப்பும் நான்கு கூடைக் கருவாடும் ஏற்றி வந்தான். சந்தைக் கடைகளில் இறக்கிவிட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தியதும் நான் குடத்தை எடுத்தேன்.

"காலைல கழுவிக்கலாம் போம்மா. இடுப்பு ஒடியுது."

உப்பு ஏற்றிய வண்டியைக் கழுவாமல் நிறுத்தக் கூடாது. என் வீட்டுக்காரர் வைத்த சட்டம். அவர் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. அவர் சட்டம் எங்கேயும் போகவில்லை. நானே பதினொரு குடம் ஊற்றினேன். மருமகள் பானுமதி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். நல்ல பெண். பேச்சுதான் குறைவு.

மலைமேல் இந்த வளப்பூர் நாட்டில் எங்கள் பக்கத்து ஏழு ஊரில் சொந்த வண்டி இருக்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். மிளகும் பலாவும் இதில்தான் இறங்குகிறது. உப்பும் உரமும் இதில்தான் ஏறுகிறது. பிரசவம், பாம்புக்கடி, பரீட்சை எல்லாம் இதில்தான். பதினெட்டு வயது ஜீப்பு. அதை ஓட்டை வண்டி என்று யாரும் சொல்ல நான் விட்டதில்லை.

16.9.1997

ஐப்பசி மழைக்கு முன்னால் ஜீப்பின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் பூச வேண்டும். அவர் வருஷா வருஷம் செய்வார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு வரிசையாகக் கல் அடுக்கி வைத்திருக்கிறார். சக்கரங்களை அதன்மேல் ஏற்றிவிட்டால் அடியில் ஒரு ஆள் படுக்கலாம். அவர் படுத்திருப்பார், நான் பக்கத்தில் குந்தி டார்ச் பிடிப்பேன்.

சென்றாயன் சொல்கிறான், கீழே அப்பாஸ் அலி பாய் பட்டறையில் விட்டால் நாலு நாளில் முடித்துக் கொடுத்துவிடுவாராம். வண்டி நாலு நாள் இல்லாமல் ஏழு ஊர் என்ன செய்யும்? அதோடு, எங்கள் வீட்டு வண்டியை ஊரான் எதற்குத் தொட வேண்டும்?

நானே பூசுகிறேன் என்றேன். சிரித்தான். சிரிக்கட்டும்.

19.9.1997

காளப்பநாயக்கன்பட்டிக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். பஸ் போர்டை நானே படித்து ஏறினேன். என் வயதுப் பொம்பிளைகளில் இந்த ஊரில் ஐந்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான்.

பாய் பட்டறையில் ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் இரண்டு டின் கேட்டேன்.

"யாருங்கக்கா பூசறது? சென்றாயனா?"

"நாந்தானுங்க."

"நீங்களா! அடியில படுத்தீங்கன்னா அப்பறம் உங்களத் தூக்கறதுக்கு ஒரு ஜாக்கி வேணுமேக்கா."

பட்டறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "பத்து வருசம் அடியில லைட்டுப் புடிச்சவ நான். அங்க எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லீங்க பாய்."

"சரிங்கக்கா, சரிங்க. பூசறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. சேஸு இருக்குதுங்களே, அதுல..."

"டின்னைக் குடுங்க. பஸ்ஸு வந்துரும்."

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. வெயிலில்தான் நின்றேன். திரும்பிப் போய்க் கேட்கவில்லை.

28.9.1997

முடித்துவிட்டேன். மூன்று நாள். முதுகும் கழுத்தும் என்னுடையதே இல்லை.

முதல் நாள் கழுவிக் காய விட்டேன். இரண்டாம் நாள் கம்பி பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்தேன். கண்ணெல்லாம் செம்மண் மாதிரி துரு. மண்ணெண்ணெயால் துடைத்து ரெட் ஆக்ஸைடு இரண்டு கை அடித்தேன். மூன்றாம் நாள், ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தாரைக் காய்ச்சி அதன்மேல் பூசினேன். அவர் தார் பூசியதில்லை, பழைய இன்ஜின் ஆயில்தான் தடவுவார். தார் இன்னும் கெட்டி அல்லவா?

வண்டியைத் தாங்குவது சேஸ். வீட்டுக்கு உத்தரம் மாதிரி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, நீளமான இரும்பு. உள்ளே வெற்றாக, பெட்டி போல இருக்கும். அதன் அடியில் பக்கத்துக்கு நான்காக எட்டு ஓட்டைகள். சுண்டுவிரல் நுழையும். அவர் சைக்கிள் போக்ஸ் கம்பியை அதில் விட்டு விட்டு எடுப்பார். துரு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை.

எட்டு ஓட்டையையும் அடைத்தேன். என் பழைய பச்சைச் சேலையைக் கிழித்துத் தாரில் முக்கித் திணித்து மேலே மெழுகினேன். கேழ்வரகுக் குதிர் மெழுகும்போது ஒரு ஊசித்துளை விட்டாலும் பூச்சி ஏறிவிடும், ஈரம் ஏறிவிடும். கல்யாணமாகி வந்த வருஷமே என் மாமியார் நான் மெழுகியதைத் தடவிப் பார்த்து இவள் கையில் ஓட்டை இல்லை என்று சொன்னவர். அந்தக் கை இது.

சென்றாயன் குனிந்து பார்த்தான். "ஏம்மா, எரும மாடு படுத்திருக்கற மாதிரி இருக்குது."

மினுமினுவென்று இருக்கிறது. ஒரு பொட்டுத் துரு கிடையாது.

23.10.1997

ஐந்து நாளாக மழை. டார்ச் அடித்துப் பார்த்தேன். தார்மேல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. அவர் பார்த்திருக்க வேண்டும்.

2.10.1998

இந்த வருஷமும் நானே. பழைய பூச்சு எங்கேயும் விடவில்லை, அதன்மேலேயே இன்னொரு கை பூசிவிட்டேன். அடைப்புகள் கல் மாதிரி இருக்கின்றன. பக்கத்து வீட்டுக் கண்ணாயி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏக்கா, எங்கூட்டுக் கூரையையும் கொஞ்சம் பூசி உடறது" என்றாள்.

8.11.1998

சந்தைக்குப் போய் வரும்போது பேத்தி பாப்பாயி என் மடியில் இருந்தாள். ஆறு வயது. என் அம்மாவின் பெயரை வைத்த பிள்ளை, இப்போதே மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கிறாள். வளைவில் வண்டி திரும்பியபோது, "அப்பத்தா, ஜீப்பு வயித்துல தண்ணி சத்தம் கேக்குது" என்றாள்.

"அது கேனுல இருக்கற தண்ணி கண்ணு."

"கேனு எம்பக்கத்துல இருக்குது அப்பத்தா. இது கீள கேக்குது."

"சும்மா வா" என்று அதட்டினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் வெல்லம் கொடுத்தேன்.

14.4.1999

பானுமதிக்கு நாள் தள்ளி இரண்டு மாதமாகிறதாம். ஏழு வருஷம் கழித்து. என்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பாப்பாயியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்! பையன் என்றால் அவர் பெயர்தான், அப்பாசாமி. நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவளே சொன்னாள்: "மாமா பேருதானுங்க அத்தை."

3.10.1999

பூச்சு முடிந்தது. மூன்றாவது வருஷம். பானுமதி நிறைவயிற்றோடு நின்று டார்ச் பிடிக்கிறேன் என்றாள். வேண்டாம் போ என்று விரட்டினேன்.

22.10.1999

போய்விட்டது. எல்லாம் போய்விட்டது.

27.10.1999

எழுத உட்காருகிறேன், கை வரவில்லை. எழுதிவிட்டால் நெஞ்சு கொஞ்சம் இறங்குமா?

வியாழக்கிழமை விடியும்போது பானுமதிக்கு வலி எடுத்தது. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே இருக்கிறது, உடனே நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். ஜீப்பு இருக்கும்போது என்ன பயம் என்று சொன்னேன். நான்தான் சொன்னேன். பின்னால் மெத்தை போட்டு அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல மழை. சென்றாயன் மெதுவாகத்தான் ஓட்டினான். மெதுவாகத்தான்.

முப்பத்தெட்டாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது அடியில் பலாக்கிளை முறிகிற மாதிரி சத்தம். வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரம் அதைத் தாங்கும் வில்பட்டையோடு விலகிக் கிடந்தது. சென்றாயன் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். சேஸ் இரண்டாக முறிந்திருந்தது.

மேலேயும் வண்டி வரவில்லை. கீழேயும் வரவில்லை. அவன் மழையில் ஓடினான். வளைவு வளைவாகக் கத்திக்கொண்டே ஓடுவது எனக்குக் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. மூன்று மணி நேரம். ஐயோ, அந்தப் பிள்ளை எங்கையைப் புடிச்ச புடி... அத்தை அத்தைன்னா. நான் என்ன பண்ணுவேன், எனக்கு என்ன தெரியும்...

மிளகு லாரி வந்தது. ஆஸ்பத்திரியில் பானுமதியைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பையன். தலை நிறைய முடி.

28.10.1999

குழந்தையை வெள்ளிக்கிழமையே பலா மரத்துக்குக் கிழக்கே வைத்தோம். பெயர் வைக்கவில்லை.

9.11.1999

சென்றாயன் சாப்பிட உட்காருகிறான். கையைச் சோற்றில் வைத்துக்கொண்டு கேட்கிறான்: "ஏம்மா, நா வளைவுல வேகமா ஒடிச்சனா?"

"இல்ல சாமி."

"ஒடிச்சிருப்பனாட்ட இருக்குதும்மா. இல்லீனா எப்படி முறியும்? நீ பூசி வெச்ச வண்டி, அடியில ஒரு பொட்டுத் துரு இல்ல."

14.11.1999

டீக்கடையில் அர்த்தனாரி சொன்னானாம், சென்றாயன் குடித்துவிட்டு ஓட்டியிருப்பான் என்று. கண்ணாயி வந்து சொன்னாள். என் மகன் கள் வாசமே அறியாதவன். போய் நாலு வார்த்தை கேட்க எழுந்தேன். சென்றாயன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "உடும்மா. சொல்றவங்க சொல்லட்டும். நா ஓட்டுனதுதான?"

18.11.1999

லாரியில் கட்டி ஜீப்பைப் பாய் பட்டறைக்கு இறக்கியிருந்தார்கள். சென்றாயன் வர மாட்டேன் என்றான். நான் மட்டும் போனேன்.

பாய் வேலையாட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு என்னை அடியில் பார்க்கச் சொன்னார். சேஸைக் கேஸ் கட்டரால் அறுத்து வைத்திருந்தார். வெளியே தார் கறுப்பாக, என் பூச்சு அப்படியே இருந்தது. உள்ளே இரும்பே இல்லை. பொரித்த அப்பளம் மாதிரி ஏடு ஏடாகத் துரு. விரலால் அமுக்கினார், உதிர்ந்தது. உப்புத் தண்ணீரும் சேறும் ஒரு படி இருந்ததாம்.

"தண்ணி எங்கியாவது ஒரு பக்கம் உள்ள போயிரும்க்கா. சந்து வழியா, மேல இருந்து. அதை யாராலயும் நிறுத்த முடியாது. வெளிய போறதுக்குத்தான் கம்பெனிக்காரன் கீழ ஓட்டை வெச்சிருக்கான். உங்க வீட்டுக்காரர் வருசா வருசம் கம்பி உட்டுக் குடைவாரே. மண்ணு அடைச்சுக்கக் கூடாதுன்னுதான்."

ஒரு காகிதத்தைப் பிரித்தார். எட்டுத் துணிச்சுருள். ஒன்றின் தார் உரிந்து உள்ளே பச்சை தெரிந்தது.

"அன்னைக்கு நீங்க சொல்ல வந்தது இதுதானுங்களா பாய்?"

அவர் தரையைப் பார்த்தார். "நானும் உங்க பின்னாடியே வந்து சொல்லியிருக்கணும்க்கா. சிரிச்சுட்டு இருந்துட்டேன்." அப்புறம் சொன்னார்: "தம்பிகிட்ட நான் சொல்லலீங்க. சொல்றது உங்க பாடு."

பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முப்பத்தெட்டாவது வளைவில் கண்ணை மூடிக்கொண்டேன்.

பத்து வருஷம் டார்ச் பிடித்தேனே. ஏனுங்க குடையறீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரே. கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேன் என்று இருந்தேன்.

பாப்பாயிக்குக் கேட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்குக் கேட்டது.

19.11.1999

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

20.11.1999

பானுமதிக்குக் காய்ச்சல். இன்றைக்கு வேண்டாம்.

2.12.1999

சொல்லவில்லை.

16.1.2000

பொங்கலுக்குப் பொங்கல் வைக்கவில்லை. சென்றாயன் பஸ்ஸில் கூட முன்னால் உட்காருவதில்லை என்று பாப்பாயி சொல்கிறாள். வண்டி வளைவில் திரும்பும்போது குனிந்து கம்பியைப் பிடித்துக்கொள்கிறானாம். கூலிக்கு மூட்டை தூக்கப் போகிறான்.

இன்றைக்கும் கேட்டான், நா வேகமா ஒடிச்சனாம்மா என்று. இல்லை என்றேன். "நீ என்ற மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற" என்றான்.

மாதம்மாள், நீ மனுஷிதானா?

5.3.2000

சென்றாயன் குடித்துவிட்டு வந்தான். வாசலில் விழுந்தான். பானுமதி ஒரு கையும் நான் ஒரு கையுமாகத் தூக்கினோம். அர்த்தனாரி சொன்னது இப்போது நிஜம் ஆகிவிட்டது. அதை நிஜம் ஆக்கியது யார்?

9.3.2000

சொல்லிவிட்டேன்.

டீக்கடைக்குப் போனேன். காலை நேரம், பெஞ்சு நிறைய ஆள். அர்த்தனாரியும் இருந்தான். பொட்டலத்தைப் பெஞ்சுமேல் பிரித்து வைத்தேன். "என்ற மகன் மேல ஒரு குத்தமும் இல்ல. இது என்ற சேலை. சேஸு ஓட்டைய நாந்தான் அடைச்சேன். தண்ணி உள்ளயே நின்னு அரிச்சிருச்சு. கேட்டுக்கங்க எல்லாரும்."   டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். தலை நிமிர்ந்தே வீட்டுக்கு வந்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி.

எனக்கு முன்னால் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. பானுமதி வாசலில் நின்றாள்.

"ஊருக்கெல்லாம் சொன்னீங்களாமா அத்தை."

"ஆமா கண்ணு. அவன் மேல இருக்கற பழி..."

"எனக்கு மொதல்ல சொல்லோணும்னு தோணலீங்களா? எம்பிள்ளைங்க அது."

சத்தமே போடவில்லை. கத்தியிருக்கலாம். அடித்திருக்கலாம்.

சென்றாயன் அந்தத் துணிச்சுருளை ரொம்ப நேரம் பார்த்தான். அடைத்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எப்பத் தெரியும் உனக்கு?" என்றான். நவம்பர் என்றேன். விரல் விட்டு எண்ணினான். "நாலு மாசம்மா. தெனமும் உங்கிட்டத்தான கேட்டேன்."

 

10.3.2000

பானுமதி பாப்பாயியைக் கூட்டிக்கொண்டு எடப்புளி நாட்டுக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பாப்பாயி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பானுமதி பார்க்கவில்லை. சென்றாயனும் இருட்டும்முன் மலை இறங்கிப் போய்விட்டான்.

2.5.2000

சென்றாயன் பாய் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறானாம். கண்ணாயிதான் சொன்னாள். குடிப்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை எடப்புளிக்குப் போய் வருகிறானாம். இங்கே வரவில்லை.

17.7.2000

ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எனக்கு இன்னும் அளவு வரவில்லை.

22.10.2000

பலா மரத்தடியில் புல் செதுக்கினேன். அப்பாசாமி என்று ஒரு தடவை கூப்பிட்டேன். யாருக்கும் கேட்டிருக்காது.

11.6.2001

வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்க, பாப்பாயிக்காக. பாப்பாயி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என் தோள் வரைக்கும் வளர்ந்துவிட்டாள். சென்றாயன் "நல்லாருக்கியாம்மா" என்று கேட்டான். பானுமதி நேராக அடுப்படிக்குப் போய்ச் சாம்பலை அள்ளினாள்.

எனக்குத் தட்டு வைக்கிறாள். சோறு போடுகிறாள். பேசுவதில்லை. கேட்க வேண்டியதைப் பாப்பாயியிடம் சொல்லிக் கேட்கிறாள். எனக்கு அதுவே அதிகம்.

30.8.2001

வாசலில் ஒரு ஜீப்பு. நம்முடையதை விடப் பழையது. ஏலத்தில் எடுத்துச் சென்றாயன் பட்டறையில் தானே பிரித்து மாட்டியது. அவனே மலை ஏற்றி ஓட்டி வந்திருக்கிறான். இறங்கியபோது சட்டை முழுக்க வேர்வை.  பானுமதி ஒரு சொம்புத் தண்ணீரை அவன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

23.9.2001

இன்றைக்கு ஜீப்பைக் கல்வரிசைமேல் ஏற்றினார்கள். நான் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன். அந்தப் பக்கம் போகிற தகுதி எனக்கு இல்லை.

கொஞ்ச நேரத்தில் பாப்பாயி வந்தாள். "அப்பத்தா, அப்பாவ லாரிக்கு மூட்டை ஏத்தக் கூப்புட்டுட்டாங்க. எனக்கு டீச்சர் ஊட்டுக்குப் போவோணும். டார்ச்சு புடிக்க ஆளில்ல."

"உங்கம்மா சொன்னாளா?"

"ஒண்ணுஞ் சொல்லல." டார்ச்சை என் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

போனேன். அடியில் பானுமதியின் பாதங்கள் தெரிந்தன. அவர் குந்தச் சொல்லும் இடத்தில் குந்தி வெளிச்சத்தை அடித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். போகச் சொல்வாள் என்று இருந்தேன். மறுபடியும் வேலையில் திரும்பிக்கொண்டாள். கம்பி பிரஷ் சத்தம் மட்டும்.

அப்புறம் ஒரு கை வெளியே நீண்டது. துருவும் மண்ணும் அப்பிய கை. என்ன கேட்கிறாள் என்று தெரிந்தது. கல்மேல் இருந்த போக்ஸ் கம்பியை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு ஓட்டையாக விட்டுக் குடைந்தாள்.

"ஏன் அப்படிக் குடையற கண்ணு?" என்று கேட்டேன். பாய் சொன்னதுதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன். அவரிடம் கேட்காததை.

அடுத்த ஓட்டையையும் குடைந்து முடித்தாள். பிறகு அடியிலிருந்து சொன்னாள்: "உள்ள நிக்கற தண்ணி போவோணுமில்லீங்க."

அத்தை என்று சொல்லவில்லை.

"லைட்ட இன்னுங் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க."

காட்டினேன். எட்டாவது ஓட்டையில் கம்பியை இழுத்ததும் செந்தண்ணீர் சொட்டியது. ஓடி வந்து என் கால்விரலை நனைத்தது. காலை எடுக்கவில்லை. வெளிச்சம் ஆடிவிடும்.